உஷ் மிஸ்ஸும் இருபத்து நான்கு டேப்லெட்டுகளும்

அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் 'உஷ் மிஸ்' என்று பெயர். பிள்ளைகள் வைத்தது. நூலகப் படியில் கால் வைக்கும்போதே உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்துவிடும். ஆள் தெரிவதற்கு முன்னால் 'உஷ்' தெரியும் என்பார்கள். அந்தப் பெயர் அவள் காதுக்கு எட்டாமல் இல்லை. "பட்டப்பேர் இல்லாத டீச்சர்னா பிள்ளைங்க கவனிக்கவே இல்லைன்னு அர்த்தம்டி," என்பாள் என்னிடம்.

இருபத்தாறு வருடம் அந்த ஒரே அறையில் வேலை பார்த்தாள். பள்ளிக் கட்டடத்தின் கடைசி அறை அது. அதற்கு முன் உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்தார்கள். பதினோரு இரும்பு அலமாரி, ஒரு நீள மேசை, இரண்டு ஜன்னல், பூட்டு நன்றாக வேலை செய்கிற ஒரு ஸ்டீல் பீரோ. போன மாதம் அவள் இல்லாமல் போனபிறகு நான் அங்கே போயிருந்தேன். எல்லாம் அப்படியே இருக்கிறது. அவளைப் பற்றி எழுத ஒரு நாள் போதும் என்று தோன்றுகிறது. டேப்லெட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக ஒருவர் வந்த நாள்.

முதலில் அவை வந்த கதையைச் சொல்ல வேண்டும். கல்வி அலுவலகத்திலிருந்து இரண்டு அட்டைப் பெட்டிகளில் இருபத்து நான்கு வந்தன. வகுப்பறையில் வைக்கலாமா, ஆசிரியர் அறையில் வைக்கலாமா என்று இரண்டு நாள் பேசிவிட்டு, கடைசியில் தலைமை ஆசிரியை நூலகத்துக்கு அனுப்பிவிட்டார். படிப்பை முன்னிட்டு அல்ல, பீரோவின் பூட்டை முன்னிட்டு.

அக்காவுக்கு அதுவரை தெரிந்ததெல்லாம் புத்தகம்தான். வந்தவற்றையும் அவள் புத்தகமாகவே நடத்தினாள். ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் வரிசை எண் போட்டாள். பழுப்புத் தாளில் அட்டை போட்டாள். நூலகங்களில் ஒரு வழக்கம் உண்டு. முதல் பக்கத்தில் முத்திரை குத்துவது தவிர, உள்ளே ஏதோ ஒரு பக்கத்தில் ரகசியமாக ஒரு முத்திரை குத்துவார்கள். முதல் பக்கத்தை எவனாவது கிழித்துவிட்டாலும் அந்த ரகசியப் பக்கம் காட்டிக்கொடுத்துவிடும். அவள் நூலகத்தில் அது எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். டேப்லெட்டில் பக்கம் ஏது? யோசித்து யோசித்து, முதுகுப்புறத்தின் மூலையில் ஒரு சின்ன வட்டம் இருக்கிறதே, அதன் மேல் கச்சிதமாகக் குத்தினாள். இருபத்து நான்கிலும். அது கேமரா.

அறிவியல் சார் மறுநாளே வந்து நின்றார். "மிஸ், நாளைக்கு மேகம் பத்திப் பாடம் நடத்தணும். உங்க டேப் ஒண்ணு குடுங்க. எதை எடுத்தாலும் மேகமாத்தான் வருது."

"ரொம்பத்தான் சிரிக்காதீங்க சார். ஸ்பிரிட் போட்டுத் துடைச்சா போயிடும்."

போகத்தான் செய்தது, மூன்று நாள் துடைத்தபிறகு. பழுப்பு அட்டையும் நிலைக்கவில்லை. உள்ளே சூடு ஏறுகிறது என்று பிள்ளைகள் சொன்னதும், நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்ப்பதுபோல ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு அட்டைகளைக் கழற்றினாள். அத்தான் தையல்காரர். கடையில் மிஞ்சிய பேன்ட் துணியில் இருபத்து நான்கு உறை தைத்துக் கொடுத்தார். "பாக்கெட் வைக்கட்டுமா? சில்லறை போட்டுக்கும்," என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஒரு முத்திரையை மட்டும் அவள் எடுக்கவில்லை. 'அறைக்குள் மட்டும்' என்ற முத்திரை. அகராதி, கலைக்களஞ்சியம் போன்றவற்றுக்குக் குத்துவது. அப்படிப்பட்ட புத்தகம் நூலக வாசலைத் தாண்டாது. ஒருமுறை தலைமை ஆசிரியை அகராதி வேண்டும் என்று ஆள் அனுப்பியபோது, "மேடத்துக்கு இங்க நாற்காலி போட்டு வச்சிருக்கேன்னு சொல்லு," என்று திருப்பி அனுப்பியவள் அவள்.

வந்த முதல் வாரம் டேப்லெட்டுகள் அவளைப் பாடாய்ப் படுத்தின. விளம்பரம் வந்தது, ஏதோ விளையாட்டு வந்தது, 'புதுப்பிக்கவா' என்று மணிக்கொரு தரம் கேட்டது. ஒரு நாள் திரையை மேலிருந்து கீழே இழுத்தபோது குட்டி விமானம் ஒன்று தெரிந்தது. அதைத் தொட்டாள். எல்லாத் தொந்தரவும் நின்றுவிட்டது. இருபத்து நான்கிலும் தொட்டுவிட்டு அன்று மாலை வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள்: "டேப்புக்கும் உஷ் சொல்லிட்டேன்டி. சார்ஜ் இப்ப நாலு நாள் நிக்குது." அதில் அவளுக்குப் பெருமை. எனக்கும்தான். என் போன் ஒரு நாள் தாங்கியதில்லை.

அவற்றில் வாசிப்புக்கென்று ஒரு செயலி போட்டு அனுப்பியிருந்தார்கள். பக்கம் திரையில் வரும். பிள்ளை அதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். அது பதிவு செய்துகொள்ளும், திரும்பப் போட்டுக் காட்டும். பிடிக்கவில்லையென்றால் அழித்துவிட்டு மறுபடி படிக்கலாம். நூலகத்தில் சத்தமாகப் படிப்பதா என்று அக்கா ஒரு மாதம் அதைத் தொடவே இல்லை.

தொட வைத்தது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. வகுப்பில் எல்லாரையும்விட உயரம், அதனால் நெட்டை என்று கூப்பிடுவார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை படிக்கிற மாதிரிதான் படிப்பாள், எழுத்தைக் கூட்டிக் கூட்டி. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் தொண்டை வலி என்பாள். வருடம் முழுக்கத் தொண்டை வலி. விளையாட்டு நேரத்தில் நூலகத்தில் வந்து, படம் போட்ட புத்தகத்தைப் பெரிய புத்தகத்துக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். அக்கா அதை இரண்டு வாரம் கவனித்துவிட்டு, ஒரு டேப்லெட்டையும் மைக் வைத்த ஹெட்போனையும் எடுத்துக்கொண்டு அவளைக் கடைசி இரண்டு அலமாரிகளுக்கு நடுவே கூட்டிப் போனாள். இரு பக்கமும் பழைய கலைக்களஞ்சியங்கள். வருடக்கணக்கில் யாரும் எடுக்காதவை. ஆனால் தடியான தடி. சத்தத்தை விழுங்கிக்கொள்ளும்.

"இங்க உக்காந்து படி. யாரும் கேக்க மாட்டாங்க. நானும் கேக்க மாட்டேன்."

"மெஷின் கேக்குமே மிஸ்."

"கேக்கும். சிரிக்காது."

நெட்டை படித்தாள். மறுநாளும் வந்தாள். அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேருக்குத் தொண்டை வலி வந்தது. பிறகு அந்தச் சந்துக்கு வரிசை நின்றது, அலமாரிகளுக்கு நடுவே இருந்த மற்றச் சந்துகளும் நிரம்பின. ஆளுக்கு அரை மணி என்று அக்கா நேரம் ஒதுக்கினாள். வகுப்பில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் வந்தார்கள், தங்கள் குரலைக் கேட்பதற்காக. உஷ் மிஸ்ஸின் அறையில் எந்நேரமும் ஒரு முணுமுணுப்பு. தலைமை ஆசிரியை எட்டிப் பார்த்து, "என்ன மிஸ், உங்க ரூம்ல சத்தம்?" என்று கேட்டார். "தேனீ வளக்கறேன் மேடம்," என்றாள் அக்கா.

ஆனால் பிள்ளைகளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். யார் படித்ததையும் வேறு யாரும் கேட்கமாட்டார்கள் என்று. அவளைப் பொறுத்தவரை அது புதிய விதி இல்லை. யார் என்ன புத்தகம் எடுத்தார்கள் என்பதை அவள் யாரிடமும் சொன்னதே கிடையாது. ஆசிரியை ஒருவர் தன் மகள் என்ன எடுத்தாள் என்று கேட்டபோதுகூட, "அவகிட்டயே கேளுங்க," என்றுவிட்டாள்.

ஏழாவது மாதம் ஒரு கடிதம் வந்தது. 'தங்கள் பள்ளிக்கு வழங்கப்பட்ட கருவிகளின் பயன்பாடு: பூஜ்யம் நிமிடங்கள். கருவிகள் திரும்பப் பெறப்பட்டு, பயன்படுத்தக்கூடிய பள்ளிக்கு வழங்கப்படும்.' வியாழக்கிழமை அதிகாரி ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு போவார் என்று இருந்தது. தலைமை ஆசிரியை கடிதத்தைப் பிடித்துக்கொண்டு நூலகத்துக்கே வந்துவிட்டார்.

அன்று அக்கா வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஒரு நிமிஷம்கூட இல்லையாம்டி."

"தப்பா வந்திருக்கும்க்கா. சொன்னா சரி பண்ணிடுவாங்க."

"எதைக் காட்டிச் சொல்றது? நெட்டை இப்பதான் நாலாம் வகுப்புப் புஸ்தகத்தை முடிச்சிருக்கா. அஞ்சாவது ஆரம்பிச்சு மூணு பக்கம் ஆச்சு. டேப் போயிடுச்சுன்னா அவளுக்கு மறுபடி தொண்டை வலி வந்துடும்."

காட்டுவதற்கு ஒன்று இருக்கத்தான் செய்தது. தலைமை ஆசிரியை அதை அன்றே சொல்லியிருந்தார். "குரலெல்லாம் பதிவாகியிருக்கே மிஸ். நாலு பிள்ளைங்களோட முதல் நாள் குரலையும் நேத்துக் குரலையும் போட்டுக் காட்டிடுவோம். மனுஷன் வாயடைச்சுப் போயிடுவார்." அக்கா முடியாது என்றுவிட்டாள். அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "உங்களோட மாரடிக்க முடியாது," என்று எழுந்து போய்விட்டார்.

வியாழக்கிழமை நடந்ததை அக்கா எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். இரங்கல் கூட்டத்தன்று தலைமை ஆசிரியையும் சொன்னார். இரண்டையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

வந்தவர் சின்ன வயது. தோளில் மடிக்கணினிப் பை, கையில் இரண்டு காலிப் பெட்டி. கடுமையான ஆள் இல்லை. அக்கா தன் பதிவேட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். தேதி, டேப்லெட் எண், பெயர், எடுத்த நேரம், கொடுத்த நேரம், கையெழுத்து. அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க மிஸ். ஆனா சிஸ்டம் இதை ஏத்துக்காது. பேப்பர்ல யார் வேணா எழுதலாமே."

"எழுதலாம். ஆனா இதுல நூத்திப்பத்துப் பேர் கையெழுத்து இருக்கு. அத்தனையும் என்னால போட முடியாது சார், எனக்கு ஒரு கைதான் எழுத வரும்."

அவர் சிரித்தார். பிறகு, "பதிவு பண்ண குரல் ஏதாவது இருக்கா? ஒண்ணு ரெண்டு கேட்டா நான் மேலே எழுதிப் பாக்கறேன்," என்றார்.

தலைமை ஆசிரியை அக்காவைப் பார்த்தார். அக்கா பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எட்டாம் வகுப்புக்கான நூலக நேரம். நீள மேசையின் கோடியிலிருந்து நெட்டை எழுந்து நின்றாள்.

"மிஸ், என்னோடதப் போட்டுக் காட்டுங்க. மொத நாளுதையும் போடுங்க."

"உக்காரு."

"பரவால்ல மிஸ்."

"உனக்குப் பரவால்ல. உனக்கு அடுத்து உக்காந்திருக்கிறவனுக்கு?" என்று சொல்லிவிட்டு அதிகாரி பக்கம் திரும்பினாள். "சார், யாரும் கேக்க மாட்டாங்கன்னு சொல்லித்தான் இவங்க வாயத் திறக்க வச்சேன். இன்னைக்கு ஒருத்தருக்குப் போட்டுக் காட்டினா நாளைக்கு இன்னொருத்தர் கேப்பார். டேப் போனா வேற ஏதாவது வழி பாத்துக்கலாம். நான் சொன்ன சொல்லு போச்சுன்னா இங்க யாரும் வாயத் திறக்க மாட்டாங்க."

சொல்லிவிட்டுச் சாவியை எடுத்து பீரோவைத் திறந்தாள். ஒவ்வொன்றாக எண்ணைப் படித்து, உறையோடு எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் வாங்கிப் பெட்டியில் அடுக்கினார். மேசையில் யாரும் மூச்சு விடவில்லை. 'அந்த மாதிரி அமைதியை இருபத்தாறு வருஷத்துல நான் உண்டாக்கினதே இல்லை' என்று அக்கா பின்னால் சொல்வாள்.

ஐந்து பெட்டிக்குள் போய்விட்டன. ஆறாவதன் திரை சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதிகாரி அதை உயிர்ப்பித்தார். பார்த்தவர் பார்த்தபடி நின்றார்.

"மிஸ், இந்த விமானம் எத்தனை நாளா இருக்கு?"

"வந்த முதல் வாரத்துல இருந்து. ஏன்?"

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்தான். அதுக்கப்புறம்தான் ஒழுங்கா இருக்குது."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "ஏழு மாசமா இது எங்ககூடப் பேசவே இல்ல மிஸ். நீங்க பேச விடல. அதான் அங்க பூஜ்யம்."

அவர் விளக்கினார். யார் எவ்வளவு நேரம் படித்தார்கள் என்ற கணக்கு டேப்லெட்டுக்குள் சேர்ந்துகொண்டே இருக்கும். இணையம் கிடைக்கும்போது அது கல்வி அலுவலகத்துக்குப் போகும். அந்த விமானம் இருக்கும்வரை இணையம் கிடையாது. அக்காவின் முகம் எப்படி இருந்தது என்று தலைமை ஆசிரியையைக் கேட்டேன். "யாரோ கன்னத்துல அறைஞ்ச மாதிரி," என்றார்.

"அப்ப தப்பு என்னோடதுதான்," என்றாள் அக்கா. "கணக்கு அழிஞ்சு போச்சா?"

"அழியாது. உள்ளேயே இருக்கும். இணையம் கிடைச்சா இப்பவே ஏறிடும்."

"குரலும் ஏறுமா?"

"இல்ல மிஸ். நிமிஷம் மட்டும்தான்."

இதை அவள் இரண்டுமுறை கேட்டு உறுதி செய்துகொண்டாளாம்.

நூலகத்தில் இணையம் எடுக்காது. பதினோரு இரும்பு அலமாரி சும்மா விடுமா? அலுவலக வராந்தாவில்தான் கிடைக்கும். அதிகாரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

"நில்லுங்க சார்," என்றாள் அக்கா.

உறையை விலக்கி, முதுகில் இருந்த 'அறைக்குள் மட்டும்' முத்திரையைக் காட்டினாள்.

"மிஸ், இப்பவுமா?" என்றார் தலைமை ஆசிரியை.

"இப்பத்தான் மேடம். இவ்வளவு நேரம் இவர்கிட்ட எழுத்தைக் காட்டித்தானே பேசினேன். எழுதாம வெளிய விட்டா அப்புறம் இந்தப் பதிவேட்டுக்கு என்ன மரியாதை?"

பதிவேட்டில் ஸ்கேல் வைத்து ஒரு புதுக்கட்டம் போட்டாள். 'வெளியே செல்லும் காரணம்' என்று தலைப்பு எழுதினாள். இருபத்து நான்கு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு ஒன்று கொடுத்து, கையெழுத்து வாங்கினாள். காரணம் என்ற இடத்தில் முதல் வரியில் 'கணக்கு ஏற்ற' என்று எழுதிவிட்டு, கீழே இருபத்து மூன்று வரிக்கும் மேற்படி, மேற்படி என்று போட்டாள். இருபது நிமிடம் ஆயிற்று. அதிகாரி காலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபத்தாறு வருடத்தில் அந்த முத்திரை குத்திய பொருள் அறையை விட்டு வெளியே போனது அன்றுதான்.

வராந்தாவில் பிள்ளைகள் சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். ஒவ்வொரு திரையிலும் அக்காவே போய் விமானத்தை அணைத்தாள். அதிகாரி மடிக்கணினியை அலுவலக ஜன்னல் திண்டில் வைத்துத் திறந்தார். எல்லாப் பள்ளிகளின் பட்டியலும் அதில் இருந்தது. அக்காவின் பள்ளி கடைசி வரி. எதிரே பூஜ்யம்.

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். "பெரிய மூட்டை, மெதுவாத்தான் ஏறும்," என்றார் அதிகாரி. பிறகு பூஜ்யம் மறைந்து நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு என்று வந்தது. முதல் டேப்லெட்டின் கணக்கு. அடுத்தது ஏறியது. அதற்கடுத்தது. ஒவ்வொரு முறையும் பள்ளியின் பெயர் சில வரி மேலே போனது. பின்னால் நின்ற பிள்ளைகள் எக்கி எக்கிப் பார்த்தார்கள். நெட்டைக்கு எக்க வேண்டியிருக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே பள்ளிப் பெயர்களையும் எண்களையும் ஒவ்வொன்றாக எல்லாருக்கும் படித்துச் சொன்னாள். எழுத்துக் கூட்டாமல், நிறுத்தாமல். அவள் உரக்கப் படிப்பதை அந்தப் பள்ளியில் பலரும் கேட்டது அன்றுதான். அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை, அக்காவைத் தவிர.

கடைசியில் தொண்ணூற்றெட்டாயிரத்துச் சொச்சம் நிமிடங்களில் வந்து நின்றது. பட்டியலில் இரண்டாவது வரி.

"இரண்டாவது இடம் மிஸ்," என்றார் அதிகாரி. தானே டேப்லெட்டுகளை உறைக்குள் போட்டுப் பிள்ளைகள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். வராந்தாவில் ஒரே கூச்சல். அப்போது அக்கா உஷ் சொல்லவே இல்லை என்பது தலைமை ஆசிரியையின் சாட்சி. சொன்னேன், யாருக்கும் கேட்கவில்லை என்பது அக்காவின் கட்சி.

காலிப் பெட்டிகளோடு கிளம்பியவரிடம் அக்கா கேட்டாள். "முதல் இடம் யாருன்னு சொல்லுங்க சார். போய்ப் பாத்துட்டு வரணும். அவங்க எப்படிப் பண்றாங்கன்னு தெரிஞ்சுக்கணும்."

அடுத்த வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். துணைக்கு நானும் போனேன். இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. அந்தப் பள்ளி நூலகர் ஒரு சின்னப் பெண். வேலைக்கு வந்து நான்கு மாதம்தான். எங்களை ஆசையாக வரவேற்றாள். சுவரில் பாராட்டுக் கடிதம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அதற்குக் கீழே ஒரு தாங்கியில் முப்பது டேப்லெட், எல்லாம் சார்ஜில், எல்லாவற்றிலும் வாசிப்புச் செயலி திறந்தபடி பளபளவென்று எரிந்துகொண்டிருந்தது. அறையில் ஒரு பிள்ளை இல்லை.

"எப்பவும் இப்படித்தான் வச்சிருப்பீங்களாம்மா?" என்று கேட்டாள் அக்கா.

"ஆமா மேடம். பிள்ளைங்க வந்ததும் ரெடியா இருக்கணும்ல. சனி ஞாயிறுகூட நான் அணைக்கறதில்ல."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். பக்கம் திறந்திருக்கிற நேரத்தைத்தான் அந்தச் செயலி படித்த நேரமாகக் கணக்கில் எடுக்கும் என்று அதிகாரி சொல்லியிருந்தார்.

அக்கா அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, படித்து முடித்ததும் ஏன் மூட வேண்டும் என்று பேட்டரியைக் காரணம் காட்டிச் சொன்னாள். எடுத்த நேரம், கொடுத்த நேரம் எழுதுகிற விதத்தைக் கட்டம் போட்டுக் காட்டினாள். இரும்பு அலமாரிகளை நகர்த்தி ஒரு சந்து உண்டாக்கலாம் என்று இடம் பார்த்துக் கொடுத்தாள். கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பஸ்ஸில் எனக்குப் பொறுக்கவில்லை. "அப்ப நீதானேக்கா முதல்? அந்த அதிகாரிகிட்டச் சொல்லு."

"என்னத்தச் சொல்றது? நாம பூஜ்யம் வாங்கினது மட்டும் ரொம்பத் தெரிஞ்சு பண்ணதா? அந்தப் பொண்ணும் நல்லதுக்குத்தான் செஞ்சிருக்கா."

வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. தன் கணக்கிலும் அப்படி ஏதாவது இருந்தால்? அதிகாரியிடம் நாள்வாரிப் பட்டியல் கேட்டு வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பதிவேட்டோடு வரி வரியாக ஒப்பிட்டாள். நான் படிக்க, அவள் டிக் போட. ஏழு மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் டேப்லெட் பதிவேட்டைவிட அதிகமாகக் காட்டியது. ஐம்பத்திரண்டு நிமிடம். காய்ச்சல் வந்து பாதியில் வீட்டுக்குப் போன ஒரு பையன் பக்கத்தை மூடாமல் விட்டிருக்கிறான். அந்த ஐம்பத்திரண்டு நிமிடத்தைக் கழித்துவிடும்படி அதிகாரிக்குக் கடிதம் எழுதினாள். சிஸ்டத்தில் கழிக்க வழியில்லை என்று பதில் வந்தது. தன் பதிவேட்டில் சிவப்பு மையால் தானே கழித்துக்கொண்டாள்.

பள்ளி அலுவலகத்தில் 'இரண்டாம் இடம்' என்ற சான்றிதழ் இப்போதும் தொங்குகிறது. இரங்கல் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது அதைப் பார்த்தேன். தலைமை ஆசிரியை பக்கத்தில் வந்து, "உங்க அக்கா இருந்திருந்தா அடுத்த வருஷம் முதல் இடம் வந்திருக்கும்," என்றார். நான் தலையாட்டினேன். இருபத்து நான்கும் நூலகத்திலேயே இருக்கின்றன. நூலக வாசலைக் கடக்கும்போது கடைசிச் சந்தில் யாரோ படித்துக்கொண்டிருக்கும் சத்தம் மெல்லக் கேட்டது. என்ன படிக்கிறார்கள் என்று நான் போய்க் கேட்கவில்லை.